படிகாரமும் மரையாணியும்: நீரூறிய மரத்தைக் காப்பதில் கருவிகளின் இடம்

சேற்றிலோ கடலடியிலோ பல நூற்றாண்டுகள் கிடந்த மரத்தை வெளியே எடுத்ததும், அதன் நிலையை அறியப் பாதுகாப்பாளருக்கு ஒரு குண்டூசி போதும். மெல்ல அழுத்திப் பார்ப்பார். உளித்தடம்கூட மாறாமல் முழுசாகத் தெரியும் கட்டையில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். செல்சுவரின் செல்லுலோசை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்கும். மிஞ்சிய லிக்னின் கூட்டைத் தாங்கி நிற்பது உள்ளே நிறைந்த நீர்தான். அந்த நீர் உலரும்போது அதன் பரப்பு இழுவிசை மெலிந்த சுவர்களை உள்வாங்கச் செய்து நொறுக்கிவிடும். அப்படிச் சுருங்கிய மரத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் இயலாத காரியம்.

இத்துறை எழுத்துகளில் வேதிமுறைக்குக் கிடைக்கும் கவனம் தொட்டிக்கும் குழாய்க்கும் மரையாணிக்கும் கிடைப்பதில்லை. முன்னது ஆய்வு, பின்னது கொள்முதல் என்றொரு பாகுபாடு நிலைத்துவிட்டது. இது தவறு என்பதே என் வாதம். மரத்தைத் தொடும் ஒவ்வொரு பொருளும் மரத்துக்குள் தங்குகிறது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அங்கே வேலை செய்கிறது.

நார்வேயில் 1904-இல் அகழ்ந்தெடுத்த ஓசபர்க் கப்பல் புதையலைப் பாருங்கள். அதிலிருந்த செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பொருள்கள் பலவற்றைச் சூடான படிகாரக் கரைசலில் ஊறவைத்தார்கள். அக்காலத்தில் கைக்கெட்டிய நல்ல வழி அதுதான், குறைகூற இடமில்லை. ஆனால் அந்தச் சூட்டில் படிகாரத்திலிருந்து கந்தக அமிலம் பிறந்து மரத்தை உள்ளிருந்தே அரித்தது. இன்று அவற்றுள் சில, மேற்பூச்சுக்குள் அடைபட்ட தூள் என்ற நிலையில் இருக்கின்றன.

சுவீடனின் வாசா கப்பல் இன்னும் விரிவான பாடம். 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய அக்கப்பலை 1961-இல் தூக்கினார்கள். நீருக்குப் பதிலாகச் செல்களில் நின்று தாங்கக்கூடிய பாலிஎத்திலீன் கிளைக்கால் (பி.இ.ஜி.) கரைசலை 1962 முதல் தெளிக்கலானார்கள். முதலில் ஆட்கள் குழாய் பிடித்துக் கையால் தெளித்தார்கள். 1965-இல் தானியங்கித் தெளிப்பு வந்தது. 17 ஆண்டுகள் ஓடிய வேலை 1979-இல் நின்றது. கப்பல் சுருங்காமல் நின்றதென்றால் அந்தப் பம்புகளும் தெளிப்பு முனைகளும் ஓயாததே காரணம். மறுபக்கமும் உண்டு. துருப்பிடித்து அழிந்த பழைய ஆணிகளின் துளைகளில், கப்பலைத் தூக்கிய காலத்தில் சாதாரண எஃகு மரையாணிகளைப் பொருத்தினார்கள். மாசுபட்ட துறைமுக நீரில் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய கந்தகம் ஏற்கெனவே மரத்தில் ஊறியிருந்தது. அது அமிலமாவதை இரும்பு விரைவுபடுத்தும். பி.இ.ஜி.யோ இரும்பை அரிக்கும். 2000-ஆம் ஆண்டின் மழைமிகுந்த கோடையில், பார்வையாளர் கூட்டத்தோடு கூடத்தின் ஈரப்பதமும் ஏறியபோது, மரத்தின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புகள் பூத்தன. பின்னாளில் 5,000-க்கும் மேற்பட்ட மரையாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகில் மாற்ற வேண்டியதாயிற்று. 2011-இல் தொடங்கிய அந்த வேலை 2018 வரை நீண்டது. ஒரு மரையாணித் தேர்வுக்குக் கொடுத்த விலை இது.

இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் 1982 முதல் 1994 வரை குளிர்ந்த நீரை மட்டுமே தெளித்தார்கள். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் அடக்கிவைக்க அது உதவியது. பிறகு சிறு மூலக்கூறுள்ள பி.இ.ஜி., அதன்பின் பெரியது என்று இரு கட்டமாக 2013 வரை தெளித்தார்கள். சிறியது அதிகம் சிதையாத உள்மரத்தில் நுழையும், பெரியது சிதைந்த மேல்மரத்தைத் தாங்கும். ஆகவே மூலக்கூறின் அளவைச் சொல்லும், பி.இ.ஜி. பீப்பாயின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஆய்வுத் தரவுதான்.

சிறு பொருள்களிலும் கதை இதுவே. தொட்டிக்குள் போகும் அடையாளச் சீட்டு காகிதமானால் சில வாரங்களில் கூழாகும்; எண் போனால் அந்தத் துண்டு எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதும் போயிற்று. சீட்டைக் கோக்கும் கம்பி இரும்பானால், ஓக் போன்ற டானின் மிகுந்த மரத்தில் நீலக்கருப்பாகக் கறை இறங்கும். பிளாஸ்டிக் சீட்டும் நைலான் நூலும் சில ரூபாய்ச் செலவு.

நம் பக்கத்துக்கு இது தொலைதூரச் செய்தியன்று. சங்க நூல்கள் பாடும் முசிறியாகப் பலர் கருதும் கேரளத்துப் பட்டணத்தில், 2007 அகழாய்வில் நீர் ஊறிய சேற்றிலிருந்து மரத்தோணி ஒன்று வெளிப்பட்டது. நம் வெப்பத்தில் திறந்த தொட்டி சில நாள்களிலேயே பாசி பிடிக்கும். மின்சாரம் நின்றால் குளிரூட்டலும் நிற்கும். மூடியுள்ள தொட்டி, உப்பில்லாத நீர், மாற்று மின்வசதி ஆகிய மூன்றும் முதல் மண்வெட்டி விழுமுன் களத்தில் இருந்தாக வேண்டும். அவை இல்லாத இடத்தில் மரம் தட்டுப்பட்டால், சேற்றாலேயே திரும்ப மூடிவிடுவது நல்லது.

அகழாய்வு அறிக்கை எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். தொட்டி எந்த உலோகம், நீர் எங்கிருந்து வந்தது, பி.இ.ஜி. எந்த எண், மரையாணி எந்த எஃகு என்பவற்றை அலுவலகப் பேரேட்டில் விட்டுவிடாமல், மண்ணடுக்கு விவரம் இருக்கும் அதே அறிக்கையில் அச்சிடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்த மரத்துக்கு மருத்துவம் பார்க்க வருபவர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.