பெருந்தச்சன் முதல் பேக்கர் வரை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பர் நம் முன்னோர். கல்யாணத்திற்குப் பத்து இடங்களில் விசாரிக்கும் நாம், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீட்டிற்கு வரைபடம் வகுப்பவரை மட்டும் அரைமணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறோம். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்கேயே மனை வாங்கி வேரூன்ற எண்ணும்போது, இவ்விசாரணையின் வரலாற்றை அறிவது பயனுடையது.

சங்க காலத்திலேயே இதற்கெனத் தேர்ந்தோர் இருந்தனர். நக்கீரரின் நெடுநல்வாடை, கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில், நூலறிந்த புலவர் கயிறிட்டு அரண்மனைக்கு இடம் வகுத்ததைக் கூறுகிறது. மன்னனே ஆயினும் கயிற்றைப் பிடித்தவர் கற்றவர்தாம்.

பாலக்காட்டு மண்ணுக்கும் ஒரு தச்சன் உண்டு. பறயி பெற்ற பன்னிரு குலத்தாருள் ஒருவனாகிய பெருந்தச்சனிடம் ஊரார் குளம் வெட்டச் சொன்னார்களாம். ஒருவர் வட்டம் வேண்டும் என்றார். மற்றவர் சதுரம் என்றார். இன்னொருவர் நீள்சதுரம் என்றார். பார்ப்பவர் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவம் மாறித் தோன்றும் குளத்தை அவன் அமைத்தான் என்பது கதை. கதைதான், ஆயினும் மாமியார் ஒன்று கேட்க மருமகள் வேறொன்று கேட்கும் வீடுகளில் இக்கலை இன்றும் வேண்டப்படுகிறது!

கல்பாத்தி அக்கிரகாரத்தாருக்கோ இந்தத் தொல்லையே இல்லை. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்னும் வரிசை தலைமுறைகளாக வகுத்து வைத்தது. பக்கத்து வீட்டுச் சுவரே நம் சுவர். பழகிய கொத்தனார் இருந்தால் போதும். தனி மனையில் தனி வீடு என்ற ஆசை வந்த பிறகே தேர்வு என்னும் சுமையும் வந்தது.

அந்தச் சுமையைக் குறைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் மருத்துவப் பணியாற்றித் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு எழ வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவர் உள்ளத்தில் பதிந்தது. இமயமலைப் பகுதியில் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த பின், 1963-இல் மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் இடுக்கியை ஒட்டிய வாகமண் மலைக்கு வந்தார். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறி, வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களையும் எண்ணற்ற எளிய வீடுகளையும் அமைத்தார். 1990-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2007-இல் மறைந்தார்.

அவர் பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை. மனைக்கு நேரில் வருவார். குடும்பத்தாரின் பழக்கவழக்கங்களைக் கேட்பார். கிடைத்த துண்டுத்தாளில் வரைவார். கொத்தனாருடன் நின்று கட்டுவார். மரத்தை வெட்டாமல் சுவரை வளைப்பார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அவர் எழுப்பிய எலிப்பொறிக் கட்டு, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்துவதோடு வெயிலையும் தடுக்கும். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பகுதி பாரத்தைத் தாங்குவதில் அதிகம் உதவுவதில்லை என்பதால், அங்கே பழைய மங்களூர் ஓடுகளைப் புதைத்துச் சிமெண்டையும் குறைத்தார். 1985-இல் தோன்றிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் அம்முறைகளைத் தொடர்ந்து பரப்பியது.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருக்கிறோம்; ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது; பங்குனியில் தரை கொதிக்கிறது. பேக்கரின் துளைச் செங்கல் சுவர் அந்தக் காற்றை உள்ளே அழைக்கும். நகரத்து ஏட்டில் கண்ட கண்ணாடி முகப்போ வெயிலையே உள்ளே அழைக்கும். மனைக்கு வந்து காற்றின் திசையைக் கேட்காமலே படம் நீட்டுபவரிடம் நமக்கு நம்பிக்கை பிறப்பதில்லை.

1972-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெற்றவரே ஆர்க்கிடெக்ட் என்று தம்மை அழைத்துக்கொள்ளலாம். ஆகவே பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டா. அதற்கும் மேலாக, அவர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி, ஒரு பங்குனி மாத மதியத்தில் அந்த வீட்டாரோடு கூடத்தில் சற்று அமர்ந்து பேசி வரலாம். மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஈரம் காக்கிறது என்பதை அந்த வீட்டு அம்மாளே சொல்லிவிடுவார்.