சைகோன் நகரத்து நொய்ச்சோறு

வியட்நாம் தேசத்தின் தென்பகுதியில், முன்னாளில் சைகோன் என்றும் இந்நாளில் ஹோ சி மின் நகரம் என்றும் வழங்கும் பட்டணத்தில், ஜனங்கள் காலை ஆகாரமாகப் பெரிதும் விரும்பி உண்பது, நொய்யரிசிச் சோற்றின்மேல் கரியடுப்பில் சுட்ட பன்றி விலாக்கறியை வைத்துத் தரும் ‘கோம் தாம்’ என்னும் பதார்த்தமாகும். இன்று அயல்நாட்டார் தேடிவந்து உண்ணும் இந்தச் சோறு, மட்டமானதென்று ஆலைகள் ஒதுக்கிய அரிசியிலிருந்து பிறந்தது என்பதையும், அவ்வரிசி அங்கே அத்தனை ஏராளமாகச் சேர்ந்ததற்கு ஒரு சாம்ராஜ்யத்தின் வர்த்தகப் பேராசையே காரணம் என்பதையும் நினைக்கும்போது, உணவின் சரித்திரத்தை அரசர்களின் சரித்திரத்தினும் கீழாக மதிப்பது எவ்வளவு பெரிய பிழை என்று தோன்றுகிறது.

1859-இல் பிரெஞ்சுக்காரர் சைகோனைக் கைப்பற்றினர். 1862-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் அத்தென்பகுதியின் மூன்று கீழை மாகாணங்கள் அவர்கள் வசமாயின. பின்னர் மேகாங் நதியின் கழிமுகச் சதுப்புகளில் கால்வாய் வெட்டி, நீரை வடித்து, புதராய்க் கிடந்த பூமியை நெல்வயலாக்கும் காரியம் ஓய்வின்றி நடந்தது. 1880-இல் சுமார் 5 லட்சம் ஹெக்டேராக இருந்த சாகுபடி 1937-க்குள் 22 லட்சம் ஹெக்டேராகப் பெருகியது. 3 லட்சம் டன்னுக்கும் குறைவாயிருந்த அரிசி ஏற்றுமதி 15 லட்சம் டன்னைத் தாண்டிற்று. சைகோனை அடுத்த சோலோனில் சீன வர்த்தகர்கள் நீராவி ஆலைகளை நிறுவி, உமியையே எரித்து யந்திரங்களை ஓட்டினர். இந்த விஸ்தரிப்புக்குக் கடன் கொடுத்தவர்களில் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டு; சைகோனில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று அவ்வூர் ஜனங்களே வந்து வணங்குகிறார்கள். வயலில் உழைத்தவனோ பெரும்பாலும் குத்தகைக்காரன். விளைவில் ஏறக்குறையப் பாதியைப் பண்ணையாருக்கு அளந்து, கடனுக்கு வட்டியும் கட்டியபின் அவனுக்கு மிஞ்சியது சொற்பமே.

நெல்லைத் தீட்டுகையில், காய்ச்சல் மிகுந்த மணியும் விரிசல் கண்ட மணியும் உடைந்து நொய்யாகின்றன. முழுமணி கப்பலேறி நல்ல விலைக்குப் போக, நொய் கோழிக்கும் வாத்துக்கும் தீவனமாயிற்று; ஏழைக் குடியானவரும் பட்டணத்துக் கூலியாட்களும் அதையே மலிவாக வாங்கிச் சமைத்தனர்.

அந்தச் சமையலில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. நம் வீடுகளில் நொய் என்றால் கஞ்சி; அவர்களோ அதைக் களைந்து, ஊறவைத்து, நீரை வடித்து, ஆவியில் அவித்தெடுப்பார்கள். உலைநீரில் கொதித்தால் குழைந்துபோகும் நொய், ஆவியில் வெந்தால் உதிரியாகவும் மிருதுவாகவும் அமைந்து, கறியின் சாற்றை முழு அரிசியினும் தாராளமாக உறிஞ்சிக்கொள்கிறது. விலாக்கறியைக் கத்தியின் முதுகால் தட்டித் தளர்த்தி, பொடியாக அரிந்த எலுமிச்சம்புல், பூண்டு, சின்ன வெங்காயம், சர்க்கரை, மீன்சாறு இவற்றைப் பிசறி, ஊறவிட்டுத் தணலில் சுடுவார்கள். சர்க்கரை முறுகி ஓரங்கள் கருஞ்சிவப்பாகும் வேளையில், கொழுப்பு தணலில் சொட்டி எழுப்பும் புகையிலேதான் பாதி ருசி இருக்கிறது. வீட்டில் செய்பவர் தணல் இல்லாவிடில் இரும்புச் சட்டியால் சமாளித்துக்கொள்ளலாம்; ஆனால் வெங்காயத்தாளை அரிந்து, அதன்மேல் நன்றாகக் காய்ந்த எண்ணெயை ஊற்றி, அந்த எண்ணெயோடு சோற்றின்மேல் பரப்புவதை மாத்திரம் விட்டுவிடலாகாது. மீன்சாறோ பூ குவோக் தீவினுடையது பிரசித்தம். அங்கே மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்புச் சேர்த்துப் பெரிய மரப்பீப்பாய்களில் ஏறக்குறைய ஓராண்டு வைத்திருந்து வடிக்கிறார்கள். அதில் சர்க்கரையும் நீரும் எலுமிச்சைச் சாறும் கலந்து, மிளகாய் அரிந்து போட்டு, சோற்றின்மேல் ஊற்றிக்கொள்வது வழக்கம். அவித்து நூலாக அரிந்து, வறுத்த அரிசிமாவில் பிரட்டிய பன்றித்தோலும், காடியில் ஊறிய காரட்டும் முள்ளங்கியும் பக்கத்தில் இடம்பெறும்.

வியட்நாமியர் சோற்றைக் கிண்ணத்தில் இட்டுக் குச்சிகளால் உண்பதே மரபாயிருக்க, இதையோ தட்டில் பரப்பிக் கரண்டியாலும் முள்கரண்டியாலும் உண்கிறார்கள். ஐரோப்பியர் நெடுங்காலம் வசித்த பட்டணத்தின் சுவடு அது.

1975-இல் யுத்தம் முடிந்தபின் பங்கீட்டு முறை நிலவிய ஆண்டுகளில் அரிசியே அரிதாகி, சோளத்தைக் கலந்து உண்ண நேர்ந்தது. அகதிகளாகப் புறப்பட்டவர்கள் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் வரையில் இந்தச் சமையலைக் கொண்டுசென்றனர். 1986-இல் பொருளாதாரக் கொள்கை மாறி, 1989-இல் அந்நாடு மறுபடியும் பெருமளவில் அரிசி ஏற்றுமதி செய்யலாயிற்று. இப்போது மணமுள்ள நெல்லின் நொய்யைத் தனியே சலித்து, முழு அரிசிக்கு இணையான விலைக்கும், சில வேளை அதனினும் அதிகமாகவும் விற்கிறார்கள்.

சைகோனில் விலாத்துண்டை முழுதாக வைப்பது வழக்கம். மேகாங் கழிமுகத்து லாங் ஸூயென் ஊரார் இன்னும் சிறிய நொய்யைத் தேர்ந்து, கறியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து சோறெங்கும் பரப்புகிறார்கள். கூலிக்காரனின் ஆகாரமாகப் பிறந்த பதார்த்தத்துக்கு, ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் சிறிது கறி கிடைக்கும்படி செய்யும் இந்த முறையே பொருத்தமானதென்பது என் அபிப்பிராயம்.