ஊசி இல்லாத வருடங்கள்

சங்ககிரிப் பக்கம் சோறு உண்ணாத பிள்ளையை மடக்க ரெண்டு வழி உண்டு. ஒன்று பூச்சாண்டி. இன்னொன்று, "ஊசி போடற அக்கா வந்துருவாங்க பாரு, சாமி". பூச்சாண்டி ஒருநாளும் வருவதில்லை. அக்கா நிஜமாகவே வருகிறார், அதுதான் சிக்கல். அவர் எப்படி இந்தப் பட்டியலில் சேர்ந்தார் என்று தேடினால் இருநூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1802 ஜூன் 14, பம்பாய். இந்தியாவில் முதன்முதலாகப் பெரியம்மைத் தடுப்பூசி பலித்தது ஒரு மூன்று வயதுச் சிறுமிக்கு. பெயர் அன்னா டஸ்ட்ஹால். மருந்தைக் கெடாமல் வைக்க அன்றைக்குக் குளிர்பெட்டி கிடையாது, பிள்ளையின் கைதான் பாத்திரம். குத்திய எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் திரளும். அதன் நீரை எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்துவார்கள். அன்னாவின் கையிலிருந்து ஐந்து பிள்ளைகளுக்கு, அவர்களிடமிருந்து மேலும் பலருக்கு என்று அது சென்னை வரை வந்தது. அந்தச் சிறுமியைப் பற்றி மருத்துவர் எழுதிவைத்தது மிகக் கொஞ்சம்: ஆரோக்கியமானவள், அலாதியான நல்ல சுபாவம். ஒரு நாட்டின் தடுப்பூசி வரலாற்றில் முதல் குறிப்பே, பிள்ளை அடம்பிடிக்கவில்லை என்ற நிம்மதிதான் போல.

எல்லாப் பிள்ளைகளும் அன்னா இல்லை. இந்த முறையில் ஆள் இரண்டு தடவை வருவார். முதலில் குத்துவதற்கு. ஒரு வாரம் கழித்து, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைத் திறந்து நீர் எடுப்பதற்கு. பெற்றோர் அதிகம் வெறுத்தது இரண்டாவது வருகையைத்தான். யார் உடம்பு நீர் யார் உடம்பில் ஏறுகிறது என்ற சாதிக் கணக்கும் அதில் சேர்ந்துகொண்டது. தமிழில் இதற்கு வந்த பெயர் 'அம்மை குத்துதல்'. சாமியின் பெயரும் வலியும் ஒரே சொல்லுக்குள். 1899-இல் கிண்டியில் கிங் நிறுவனம் வந்து, கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுப்பது பரவிய பிறகு கைக்குக் கை மாற்றுவது ஒழிந்தது. குத்த வருகிறவர் மட்டும் குத்த மட்டுமே வந்துகொண்டிருந்தார்.

இதை அரசியலாகவும் ஒருவர் கேட்டார். சங்ககிரிக்குப் பக்கத்தில், திருச்செங்கோடு வட்டாரத்துப் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி. 1955-இல் காசநோய்க்கான பிசிஜி ஊசியை ஊர்முழுக்கப் போடுவதை எதிர்த்துத் தனிச் சிறுநூலே வெளியிட்டார். மருத்துவத்தில் அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க முடியாது. பிறந்த குழந்தைக்கு இன்றும் பிசிஜி போடுகிறோம், மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது. ஆனால் சம்மதம் என்ற கேள்வி நியாயமானது. என்ன, அந்த வாக்குவாதத்திலும் சம்மதம் என்றால் பெரியவர்களுடையதுதான். சட்டைக் கையை மடக்கிவிட்டு நின்ற பிள்ளை கணக்கில் இல்லை.

எனக்குப் பிடித்த அத்தியாயம் 1980-இல் மதுரை மாவட்டத்தில் ஆரம்பிக்கிறது. உலக வங்கிக் கடனில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்தார்கள். எடை போட்டவர் அதே ஊர்ப் பெண். அவரைத் தேர்ந்தெடுக்கப் பார்த்த தகுதிகளில் ஒன்று, வசதி இல்லாவிட்டாலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருப்பது! இப்படி யோசித்தது ஒரு அரசுத் திட்டமா என்று ஆச்சரியமாக இருக்கிறது. நோக்கம் பயம் போக்குவது அல்ல, பசி போக்குவதுதான். ஆனால் பக்கவிளைவைப் பாருங்கள். உடம்பைத் தொடுகிற கை தெரிந்த கை. தூக்குவார்கள், அளப்பார்கள், இறக்கிவிடுவார்கள். வலி கிடையாது.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் ஊருக்குள் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பதற்றத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 80.9 சதவீதமாக இருந்த முழுத் தடுப்பூசி, 2015-16-இல் 69.7 ஆக இறங்கியிருந்தது. அதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த கணக்கெடுப்பில் 89.2 ஆக ஏறியது.

இப்போது தேசியத் தடுப்பூசி அட்டவணையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயது வாக்கில், ரெண்டு வயதுக்குள், ஊக்க ஊசி. அடுத்தது ஐந்து வயதுக்கு மேல். நடுவில் ஏறத்தாழ மூன்று வருடம் ஊசியே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயில் விடும் வைட்டமின் ஏ, பால்வாடியில் எடையும் உயரமும், வருடத்துக்கு இரண்டு தடவை கண், பல், காது பார்க்க வரும் வண்டி. அவ்வளவுதான். பிள்ளை பேசக் கற்று, ஆட்களை அடையாளம் வைத்து, "ஏன்?" என்று கேட்கத் தொடங்குகிற வயது சரியாக இது. அந்த மூன்று வருடமும் செவிலியர் ஊசி இல்லாமல்தான் வருகிறார். ஊசி அவர் கையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பது சோத்துத் தட்டோடு பின்னால் ஓடுகிற நாம்தான்.