பத்து விநாடி வார்ட்டன்

1886 ஜூலையில் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் இங்கிலாந்தின் அமெச்சூர் தடகளப் போட்டி நடந்தது. நூறு கஜ ஓட்டத்தைச் சரியாகப் பத்து விநாடியில் முடித்தார் ஆர்தர் வார்ட்டன் என்ற இருபது வயது இளைஞர். அந்தப் போட்டியில் அதுவரை யாரும் தொடாத நேரம் அது. மறு ஆண்டும் பட்டம் அவருக்கே. இப்படி ஓடுகிற ஒருவரைக் கால்பந்து அணியில் எங்கே போடுவார்கள்? முன்களத்தின் ஓரத்தில் என்றுதான் யாரும் சொல்வார்கள். டார்லிங்டன் அணியோ அவரைக் கோல்கீப்பராக நிறுத்தியிருந்தது.

அன்றைய விதிகளைப் பார்த்தால் இதில் கிறுக்குத்தனம் ஒன்றும் இல்லை. கோல்கீப்பர் பெனால்ட்டி கட்டத்துக்குள்தான் பந்தைக் கையால் தொடலாம் என்ற விதி வந்தது 1912இல்தான். விக்டோரியா காலத்தில் அவர் மைதானத்தின் நடுக்கோடு வரை ஓடிவந்து பந்தைக் குத்தி விரட்டலாம். கால் வேகம் உள்ளவருக்கு அது பெரிய லாபம். ஆனால் ஆபத்தும் அதே அளவு இருந்தது. கையில் பந்து இருக்கிறதோ இல்லையோ, எதிரணியினர் தோளால் முட்டி அவரைக் கீழே தள்ளலாம். 1890களில்தான் அதற்கு ஓரளவு கட்டுப்பாடு வந்தது. பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்பது உடம்புக்கு ஆகாது என்பதால் அக்காலக் கோல்கீப்பர்கள் முஷ்டியையே அதிகம் நம்பினார்கள். தனி நிறச் சட்டைகூடக் கிடையாது. அது 1909இல் வந்த ஏற்பாடு.

வார்ட்டன் பிறந்தது 1865இல், இன்றைய கானாவின் அக்ராவில். தந்தை ஹென்றி வார்ட்டன் கிரெனடா தீவிலிருந்து வந்த மெதடிஸ்ட் போதகர். தாய் ஃபாண்டே அரச குடும்ப வழி வந்தவர். மகனும் மதப்பணிக்குத் தயாராகட்டும் என்றுதான் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிரசங்கம் பழக வந்த பையன் ஓடினான், கிரிக்கெட் ஆடினான், சைக்கிள் மிதித்தான், கோலும் காத்தான்.

டார்லிங்டனில் அவர் ஆடியதைப் பார்த்து, அந்நாளின் பலமான அணிகளில் ஒன்றான பிரஸ்டன் நார்த் எண்ட் அழைத்துக்கொண்டது. 1887இல் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை சென்ற அணியில் அவரும் இருந்தார். ஆட்டத்தின் நடுவே அவர் செய்த வித்தைகள் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். சில பத்திரிகைக்காரர்களுக்கு எரிச்சல். அந்த எரிச்சலோடு அவருடைய நிறத்தையும் சேர்த்து இழிவாக எழுதினார்கள்.

1888இல் பிரஸ்டனை விட்டு, பணத்துக்கு ஓடும் பந்தயங்களின் பக்கம் போனார். அந்த ஆண்டுதான் கால்பந்து லீக் தொடங்கியது. முதல் பருவத்தில் பிரஸ்டன் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. இன்னும் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஷெஃபீல்டு ஓட்டப் பந்தயங்களில் பணம் புரண்டது.

அடுத்த ஆண்டு ராதர்ஹாம் டவுன் அணியில் சம்பளத்துக்கு ஆடும் கோல்கீப்பரானார். அவருடைய நல்ல காலம் இதுதான் என்று சொல்லலாம். ராதர்ஹாம் ஆட்டம் ஒன்றைப் பற்றிப் பல்லாண்டு கழித்து ஒரு ரசிகர் ஷெஃபீல்டு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வார்ட்டன் எம்பிக் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கினாராம். வந்த பந்தைக் கால்களுக்கிடையே கவ்வினாராம். பாய்ந்து வந்த மூன்று முன்கள வீரர்கள் வலைக்குள் போய் விழுந்தார்களாம். நினைவு கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். இருந்தாலும், ஐம்பது வருடத்துக்கு மேல் ஆட்டம் பார்த்தவர் அப்படி இன்னொன்றைப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார்.

1894இல் ஷெஃபீல்டு யுனைடெட் அவரைச் சேர்த்தது. அதே பருவத்தில் வில்லியம் ஃபௌக் என்ற இருபது வயதுச் சுரங்கத் தொழிலாளியும் வந்து சேர்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம். பிற்காலத்தில் எடை 120 கிலோவைத் தாண்டியது. முட்டித் தள்ளுவதே முறையாக இருந்த ஆட்டத்தில் அந்த மலையை யார் முட்டுவது? முப்பதை நெருங்கிய வார்ட்டன் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். 1895 பிப்ரவரியில் சண்டர்லாந்துக்கு எதிராக ஆடியதுதான் முதல் டிவிஷனில் அவருடைய ஒரே ஆட்டம். ஃபௌக் பிறகு லீக் பட்டமும் இரண்டு எஃப்.ஏ. கோப்பைகளும் வென்று, 1905இல் புதிதாகத் தொடங்கிய செல்சி அணிக்குத் தலைவராகப் போனார். செல்சியின் மைதானம், வார்ட்டன் பத்து விநாடியில் ஓடிய அதே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ்.

வார்ட்டன் மறுபடி ராதர்ஹாம், பிறகு ஸ்டேலிபிரிட்ஜ், ஆஷ்டன் என்று சுற்றி, 1902இல் ஸ்டாக்போர்ட் கவுண்டியோடு ஆட்டத்தை முடித்தார். இடையில் மதுக்கூடமும் நடத்திப் பார்த்தார். கடைசியில் யார்க்‌ஷயரின் எட்லிங்டனில் நிலக்கரிச் சுரங்கத்தில் சுமை இழுக்கும் வேலை. 1930 டிசம்பரில் இறந்தபோது கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கவும் வழியில்லை. 1997இல்தான், ஷெஃபீல்டில் இனவெறிக்கு எதிராக இயங்கிய ஒரு கால்பந்து அமைப்பின் முயற்சியால், அங்கே கல் நாட்டப்பட்டது. 2003இல் இங்கிலாந்து கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது.

இங்கிலாந்தின் முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் என்று அவரைச் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன் 1881இலேயே ஸ்காட்லாந்துக்குத் தலைமை தாங்கி, லண்டன் ஓவலில் இங்கிலாந்தை 6-1 என்று தோற்கடித்துவிட்டார். ஆனால் வாட்சனுக்குத் தந்தை விட்டுச்சென்ற சொத்து இருந்தது. வார்ட்டனோ வாரக் கூலி வாங்கிக்கொண்டு கோல் காத்தவர்.