மெய்ம்மறந்த மனிதர்

முதுமை மறதியை ஜப்பானியர் முன்பு ‘சிஹோ’ என்றனர். மடமை என்னும் பொருள் அதில் உறைந்திருந்தது. 1972இல் அரியோஷி சவாகோ, அந்நோயுற்ற மாமனாரைப் பேணும் அகிகோவின் கதையை எழுதி, ‘கோகோட்சு நோ ஹிதோ’ எனப் பெயரிட்டார். மெய்ம்மறந்த மனிதர் என்பது பொருள். வீட்டுக்குள் மறைத்த துயரம் நாட்டின் பேச்சாயிற்று. 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது; 2004இல் அரசே ‘சிஹோ’வைக் கைவிட்டு ‘நின்சிஷோ’ என்றது.

அகிகோவிடம் கடுமை காட்டியவர் அம்மாமனார். பெற்ற மகனை மறந்தபின்னும் அவளை மறக்கவில்லை. மழையில் ஒரு வெண்மலரைக் கண்டு மெய்ம்மறந்து நின்றார். அவளுக்கு எஞ்சிய இனிய நினைவுகள் பேணிய நாள்கள் தந்தவையே.

‘புத்தி பேதலித்துவிட்டது’ என நாம் இன்றும் சொல்கிறோம். பெற்றோரின் பழைய முகத்தையே தேடி, இன்றைய சிரிப்பைத் தவறவிடுகிறோம்.