சோழவரம் சொல்லிக் கொடுத்த பாடம்

தினமும் காலையில் செங்குன்றம் தாண்டி, ஜி.என்.டி. சாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவன் நான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் டிரெய்னி பையனிடம் ஒருநாள், "சோழவரம் எதுக்குத் தம்பி பேர் போனது?" என்று கேட்டேன். "ஏரிதானே சார்!" என்றான். ஏரியும் சரிதான். ஆனால் நம் கல்லூரியில் 1970-களிலும் 80-களிலும் படித்த அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, "அடேயப்பா, என்னா சத்தம்!" என்பார்கள்.

ஆம், கார் ரேஸ் சத்தம்தான். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதை அது. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மட்டும் மிச்சம். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த இடத்தை ரேஸ் களமாக்கியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தியாவின் முக்கியமான கார் பந்தயங்கள் இங்கே, இன்றைய நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் நடந்தன. 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்ஸைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்ற கணக்கை நான் எழுத வரவில்லை. அதைவிடச் சின்ன விஷயம் ஒன்றைப் பற்றி எழுத ஆசை. ஷாக் அப்சார்பர்!

குதிரைச் சேணத்திலிருந்து...

இந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்று வேலை. பள்ளத்தில் விழுகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிக்கொண்ட ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன், கொஞ்சம் எண்ணெய், அந்த எண்ணெய் நெருக்கியடித்துப் போக சின்னச் சின்னத் துவாரங்கள். அவ்வளவுதான். ஆட்டம் முழுவதும் சூடாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

ஆச்சரியம் என்னவென்றால், 'அட்ஜஸ்டபிள்' என்று இன்று பெரிய விலைக்கு விற்கிறார்களே, அது ஒன்றும் புதுசு இல்லை. 1900-களின் தொடக்கத்தில் பிரான்சில் ட்ரூஃபோ என்பவரும், அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்பவரும் கொண்டுவந்த உராய்வு வகை ஷாக் அப்சார்பரிலேயே நடுவில் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் கடினம், தளர்த்தினால் மென்மை. எண்ணெய் வகை பின்னால் வந்தது. ஹாலந்து நாட்டின் கோனி நிறுவனம் 1857-ல் குதிரைச் சேணம் செய்து தொடங்கி, 1932-ல் ஷாக் அப்சார்பருக்கு வந்தது. பழைய கோனியைச் சரிசெய்ய வேண்டுமானால் காரிலிருந்து கழற்ற வேண்டும். முழுக்க அமுக்கிப் பிடித்து, உள்ளே பல் மாட்டிக்கொண்டதும் திருக வேண்டும். மாற்றம் தெரிவது பெரும்பாலும் ஸ்பிரிங் விரிந்து எழும்பும்போதுதான். இதை 'ரீபவுண்டு' என்பார்கள்.

ஹெரால்டு எனும் நல்ல வாத்தியார்

1961-ல் நம் நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. கேப்ரியல் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. எடை குறைவு, தனி சேஸி, பாடியைத் தனியே கழற்றிவிடலாம். ரேஸ்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஹெரால்டுக்கு ஒரு கோளாறு. அதன் பின்சக்கரங்கள் நடுவில் கீல் வைத்த கதவு போல மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போகும்போது வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பிடி போய்விடும், வண்டி சுற்றும். விமான ஓடுபாதையில் நீண்ட நேர்கோட்டில் வந்து சட்டென்று திரும்புகிற இடத்தில் இது என்ன பாடு படுத்தும் என்று யோசியுங்கள்.

பின் ஷாக் அப்சார்பரில் ரீபவுண்டைக் கூட்டினால் வண்டி எழும்பும் வேகம் குறையும். நல்லதுதான். ஆனால் நோய் தீராது. ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, சக்கரத்தின் சாய்வையும் மாற்றியாக வேண்டும். அதாவது ஒரு பொருளை மட்டும் மாற்றினால் கார் மாறாது. ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொட வேண்டும்.

அது இறக்குமதிக் கட்டுப்பாடு கொடிகட்டிப் பறந்த காலம். வெளிநாட்டு ரேஸ் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. எம்.ஜி. போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இருந்த லீவர் வகை ஷாக் அப்சார்பருக்குக் கொஞ்சம் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் அதுவே 'அட்ஜஸ்ட்மென்ட்'! கையில் இருந்ததை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் சோழவரத்தில் ஓட்டியவர். அவரே 1980-களின் கடைசியில் மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவரதன் அதைப் பார்க்க இல்லை.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. சோழவரத்தில் சத்தம் அடங்கியது.

என் முட்டாள்தனம்

பிறகு கார்களே நம் மாவட்டத்துக்கு வந்தன. 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. 2006-ல் செடியா. இந்தியப் பந்தய ராலிகளில் செடியா பல வருடம் கொடிகட்டிப் பறந்தது. இன்று அங்கே லான்சரும் இல்லை, செடியாவும் இல்லை. ஆனால் செகண்ட் ஹேண்டில் ஒரு செடியா என் வீட்டு வாசலில் நிற்கிறது!

சில வருடங்களுக்கு முன் அதற்கு அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர் நாலு வாங்கிப் போட்டேன். இரண்டு மாதச் சம்பளம். இன்ஜினியர் ஆயிற்றே, யாரைக் கேட்க வேண்டும்? நாலையும் கடைசி வரை திருகி, முழுக் கடினத்தில் வைத்தேன். கடினம் என்றால் ரேஸ் கார் என்று நினைப்பு! ஒரு மழை நாளில், கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும்போது ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கிய வேகத்தில் வண்டியின் பின்பக்கம் துள்ளிப் பக்கவாட்டில் போனது. பின்னால் கன்டெய்னர் லாரி. அந்த டிரைவர் புண்ணியவான் பிரேக் பிடித்ததால் நான் இன்று இந்தக் கட்டுரை எழுதுகிறேன். குற்றம் காரில் இல்லை, ஷாக் அப்சார்பரிலும் இல்லை. முழுக்க என்னுடையது. அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் டயர் ரோட்டோடு ஒட்டிப் போகாது, தாவும். தாவுகிற டயருக்குப் பிடி ஏது?

செங்குன்றத்தில் ஒரு ஷெட். அங்கே ஒரு வயதான மெக்கானிக் பாய், சின்ன வயதில் சோழவரம் ரேஸில் எடுபிடியாக இருந்தவர். காரின் மூலையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். சிரித்தார். "தம்பி, ஷாக்குங்கிறது குதிரைக்குக் கடிவாளம் மாதிரி. புடிக்கணும், இறுக்கிக் கட்டிடக் கூடாது."

நாலையும் முழுக்கத் தளர்த்தச் சொன்னார். டயரில் காற்று நாலிலும் சரிபார்த்தார். பிஸ்டன் கம்பியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டினார். வண்டி எவ்வளவு அமுங்கியது என்று அது நகர்ந்த இடம் சொல்லிவிடும். ஒரு தடவைக்கு இரண்டே 'கிளிக்'. முன்பக்கம் மட்டும், பிறகு பின்பக்கம் மட்டும். அதே ரோடு, அதே வேகம். வந்ததும் நோட்டில் எழுத வேண்டும். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கடைசியில் நின்ற இடம் எது தெரியுமா? பாதிக்கும் கீழே!

"இதெல்லாம் எங்க பாய் கத்துக்கிட்டீங்க?" என்றேன். "சோழவரத்துல முதலாளிங்க நோட்டு வச்சிருப்பாங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் எழுதுவாங்க. நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன்" என்றார். "அந்த நோட்டெல்லாம் இப்போ எங்க?" "எடைக்குப் போட்டிருப்பாங்க தம்பி."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு வேண்டுகோள்

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, காருக்கோ பைக்குக்கோ விலை உயர்ந்த சாமான் வாங்கிப் போடுவது அப்கிரேடு ஆகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வைக்கிற பழக்கம்தான் அப்கிரேடு. வேகம் பார்க்க ஆசையா? இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. ஜி.என்.டி. சாலை வேண்டாம்.

மூத்த அண்ணன்மார்களே, உங்களில் எத்தனையோ பேர் ஹாஸ்டலிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் சோழவரம் பார்த்தவர்கள். சிலர் அங்கே ஸ்பானரும் பிடித்திருப்பீர்கள். உங்கள் பரணில் ஒரு பழைய நோட்டு, ஒரு போட்டோ, ஒரு நுழைவுச்சீட்டு கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். நம் சங்கத்துக்குக் கொடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நினைவில் இருப்பதை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள். நம் மெக்கானிக்கல் துறை நூலகத்தில் அதற்கு ஒரு அலமாரி ஒதுக்கினால் போதும்.

அடுத்த முறை பஸ்ஸில் அந்த டிரெய்னி பையனிடம், "ஏரி மட்டும் இல்ல தம்பி" என்று சொல்லி, கையில் காட்ட ஏதாவது ஒன்று எனக்கு வேண்டும்.