கைச் சைக்கிள்

கைச் சைக்கிள் என்பது கைகளால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. தண்டுவடக் காயம், கால் இழப்பு, இளம்பிள்ளைவாதம் போன்றவற்றால் கால்களைப் பயன்படுத்த முடியாதவர்கள் உடற்பயிற்சிக்கும் பயணத்துக்கும் போட்டிக்கும் இதை ஓட்டுகிறார்கள். மிதிப்பதற்கு இதில் எதுவும் இல்லை என்பதால் ‘மிதிவண்டி’ என்ற சொல் இதற்குச் சரிவராது. பேச்சுவழக்கில் உள்ள ‘சைக்கிள்’ என்பதே பொருந்துகிறது. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் இது முதன்முதலாகப் பதக்கப் போட்டியாக நடந்தது.

தோற்றம்

கையால் சுழற்றும் வண்டி, காலால் மிதிக்கும் சைக்கிளைவிடப் பழையது. ஜெர்மனியில் நியூரம்பர்க் அருகிலுள்ள ஆல்ட்டார்ஃபில் வாழ்ந்த ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரத் தொழிலாளி, 1655ஆம் ஆண்டு தம் 22ஆம் வயதில் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அவர் நடக்க இயலாதவர். கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரங்கள் வழியாக முன்சக்கரம் உருளும்படி அதை அமைத்திருந்தார். பெடல் பொருத்திய சைக்கிள் வந்தது இதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

தண்டுவடம் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வில் விளையாட்டு இடம்பெற்றது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று அங்கே சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்கின் வேர் அது. கியரும் எடை குறைந்த சட்டமும் கொண்ட இன்றைய கைச் சைக்கிள் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உருவானது.

அமைப்பு

பெரும்பாலான கைச் சைக்கிள்களில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டும் இருக்கும். கைப்பிடிகள் ஓட்டுபவரின் நெஞ்சுக்கு எதிரே உள்ளன. அவற்றைச் சுற்றினால் செயின் வழியாக முன்சக்கரம் சுழலும். ஓட்டுவது, திருப்புவது, கியர் மாற்றுவது, பிரேக் பிடிப்பது என நான்கு வேலையும் இரு கைகளுக்குள் அடக்கம்.

சாதாரண சைக்கிளில் ஒரு பெடல் மேலே போனால் மற்றது கீழே வரும். கைச் சைக்கிளில் இரண்டு பிடிகளும் சேர்ந்தே மேலேறிச் சேர்ந்தே இறங்கும். காரணம் எளிது: திரும்பும் சக்கரமும் இழுக்கும் சக்கரமும் இதில் ஒன்றே. கைகள் மாறிமாறி இயங்கினால் ஒவ்வொரு தள்ளலிலும் முன்சக்கரம் ஒரு பக்கம் இழுபடும். வண்டி பாம்புபோல நெளியும். இரு கைகளும் ஒன்றாகத் தள்ளி ஒன்றாக இழுக்கும்போது அந்த இழுப்புகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன.

முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் ஒரு குறையும் உண்டு. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால், ஈரச் சாலையிலும் சரளைக்கல்லிலும் முன்சக்கரம் பிடிப்பின்றி நின்ற இடத்திலேயே சுழலும். திரும்ப நிறைய இடமும் வேண்டும்.

வகைகள்

மல்லாந்த நிலை வண்டியில் ஓட்டுபவர் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டிப் படுத்திருப்பார். உடற்பகுதியைக் கட்டுப்படுத்த முடியாதவர்களுக்கு இது ஏற்றது. காற்றுத் தடையும் குறைவு. முழங்காலிட்ட நிலை வண்டியில் முன்னால் குனிந்து உடல் எடையையும் சேர்த்துத் தள்ளலாம். இதற்கு வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் இயங்க வேண்டும். கால்களை இழந்தவர்கள் பலர் இதில் ஓட்டுகிறார்கள். நிமிர்ந்து உட்காரும் வண்டி உயரமாக இருப்பதால் ஏறி இறங்க எளிது, வேகம் குறைவு. நான்காவது வகை, சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் ஒற்றைச் சக்கர இணைப்பு. வேறு இருக்கைக்கு மாறத் தேவையில்லை என்பதால் அன்றாடப் பயணத்துக்கு இது வசதி.

உடலுக்குக் கிடைக்கும் பயன்

சக்கர நாற்காலியைத் தள்ளும் கை, வளையத்தைப் பிடித்து, தள்ளி, விட்டு, பின்னுக்குப் போய் மறுபடி பிடிக்க வேண்டும். செலவாகும் ஆற்றலில் சுமார் 10 விழுக்காட்டுக்கு மேல் நகர்வாக மாறுவது அரிது. கைச் சைக்கிளில் பிடி கையை விட்டுப் போவதில்லை, சுற்று முழுவதும் விசை தொடர்கிறது, கியர் உதவுகிறது. ஆகவே அதே மூச்சில் கூடுதல் தூரம் போகலாம். தோள்மூட்டில் ஏறும் சுமையும் குறைவு. வாழ்நாள் முழுவதும் நாற்காலியைத் தள்ளியும், கையூன்றி உடலைத் தூக்கியும் வாழ வேண்டியவருக்குத் தோள்தான் கால். அதைக் கெடுக்காமல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுப்பதே இந்த வண்டியின் முதன்மைப் பயன்.

காயத்துக்குப் பின் தொடங்குதல்

எலும்பு கூடி, அறுவைக் காயம் ஆறி, இருக்கையில் நீண்ட நேரம் உட்காரப் பழகிய பிறகே மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்க வேண்டும். காயம் தண்டுவடத்தில் எந்த உயரத்தில் உள்ளது என்பதே வண்டியைத் தீர்மானிக்கும். கழுத்துப் பகுதியில் அடிபட்டவருக்கு மேற்கையின் பின்புறத் தசை இயங்காமல் இருக்கலாம். அவரால் பிடியைத் தள்ள முடியாது, ஆனால் முன்புறத் தசையால் இழுக்க முடியும். விரல்கள் மடங்காவிட்டால், மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளும் பட்டை வைத்த கையுறையால் கையைப் பிடியோடு கட்டிவிடுவார்கள். மணிக்கட்டை மடக்கி இயக்கும் பிரேக்குகளும் உண்டு.

அளவு பொருத்துவது அடுத்த வேலை. பிடி மிகத் தொலைவில் இருக்கும்போதும் முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். தோள் இருக்கையை விட்டு எழும்பக் கூடாது. உணர்ச்சியற்ற கால்களைத் தாங்கியில் பட்டையால் கட்ட வேண்டும். கால் நழுவிச் சக்கரத்தில் சிக்கினாலும் வலி தெரியாது. ரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியவரும்.

முதல் சில நாட்கள் ஆளில்லாத சமதரையில், இலகுவான கியரில், சிறிது நேரம் ஓட்டினால் போதும். வேகத்துக்கு முன்னால் பிரேக்கும் திருப்பமும் பழக வேண்டும். காயம் மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ இருந்தால் நாடித்துடிப்பு உழைப்புக்கு ஏற்ப உயராது. கடிகாரம் காட்டும் எண்ணை நம்புவதைவிட, பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள் மூன்று. முதலாவது படுக்கைப்புண். ஓட்டி முடித்ததும் கைக்கண்ணாடி வைத்து இடுப்பு, வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் மறையவில்லை என்றால், அது மறையும்வரை வண்டி வேண்டாம். இரண்டாவது வெப்பம். காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குறைவதால் உடல் தானாகக் குளிராது. தண்ணீர் தெளித்துக்கொண்டு காலையிலோ மாலையிலோ ஓட்டுவது நல்லது.

மூன்றாவது, மார்பு முதுகெலும்பின் ஆறாம் கணுவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும் திடீர் ரத்த அழுத்த உயர்வு. நிரம்பிய சிறுநீர்ப்பை, முறுக்கிக்கொண்ட சிறுநீர்க் குழாய், இறுக்கமான பட்டை, மலச்சிக்கல் எதுவும் இதைத் தூண்டலாம். தலை விண்விண்ணென்று தெறிக்கும். முகம் சிவந்து வியர்க்கும். மல்லாந்த வண்டியில் இருப்பவரை உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்க்க வேண்டும். படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். குறையாவிட்டால் அது மருத்துவ அவசரநிலை. கிளம்பும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்வது இதற்கான எளிய தடுப்பு.

போட்டி

பாரா சைக்கிளிங்கை 2007 முதல் உலக சைக்கிளிங் சம்மேளனமான யூசிஐ நடத்துகிறது. கைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் எச்1 முதல் எச்5 வரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். எச்1 கைகளும் பெரிதும் பாதிக்கப்பட்டவர்களுக்கு. எண் கூடக் கூட இயங்கும் உடற்பகுதி கூடும். முதல் நான்கும் மல்லாந்த நிலை; எச்5 முழங்காலிட்ட நிலை.

காயத்துக்குப் பின் இந்த விளையாட்டுக்கு வந்தவர்களில் உலகறிந்தவர் இத்தாலியரான அலெக்ஸ் ஜனார்டி. 1997, 1998 ஆண்டுகளில் அமெரிக்காவின் கார்ட் கார்ப்பந்தயச் சாம்பியன். 2001 செப்டம்பர் 15 அன்று ஜெர்மனியின் லவுசிட்ஸ் தடத்தில் நடந்த விபத்தில் இரு கால்களையும் இழந்தார். 2003இல் அதே தடத்துக்குத் திரும்பி, அன்று ஓட்டாமல் விட்ட 13 சுற்றுகளைக் கையால் இயக்கும் காரில் ஓட்டி முடித்தார். சில வாரப் பயிற்சியோடு 2007 நியூயார்க் மாரத்தானின் கைச் சைக்கிள் பிரிவில் நான்காவதாக வந்தவர், 2011இல் அதை வென்றார். 2012 லண்டன் பாராலிம்பிக்கின் சைக்கிள் போட்டி நடந்த பிராண்ட்ஸ் ஹேட்ச், அவர் பழகிய கார்ப்பந்தயத் தடம். அங்கே 16 கிலோமீட்டரை 24 நிமிடம் 50 வினாடியில் கடந்து தங்கம் பெற்றார். 2016 ரியோவில் தனிநேர ஓட்டத்தில் தங்கம் வென்றது, கால்களை இழந்து 15 ஆண்டு நிறைவதற்கு முந்தைய நாள். இரு பாராலிம்பிக்கிலும் சேர்த்து நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. 2020 ஜூன் 19 அன்று டஸ்கனியில் பியென்சா அருகே பொதுச் சாலையில் ஓட்டியபோது அவர் வண்டி லாரியில் மோதியது. தலையில் கடுமையான காயம். தாழ்ந்த வண்டி லாரி ஓட்டுநரின் கண்ணில் எளிதில் படாது. நீண்ட கம்பியில் கொடி கட்டுவதும், துணைக்கு ஒருவர் உடன் வருவதும் பயிற்சியின் பகுதியாகவே கருதப்படுகின்றன.

பிரிட்டனின் கரேன் டார்க் 21ஆம் வயதில் பாறையேற்றத்தில் விழுந்து மார்புக்குக் கீழே செயலிழந்தவர். லண்டனில் வெள்ளியும் ரியோவில் தங்கமும் வென்றார். லண்டன் சாலை ஓட்டத்தில் அவரும் சக வீராங்கனை ரேச்சல் மோரிஸும் வெண்கலத்தைப் பகிர நினைத்துக் கைகோத்தபடி கோட்டைக் கடந்தனர். மோரிஸின் சக்கரம் முந்தியதாகக் கணித்து நடுவர்கள் அவருக்கே பதக்கம் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில்

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் மூன்று சக்கர சைக்கிள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் பழகிய காட்சி. 1972இல் கான்பூரில் தொடங்கப்பட்ட இந்திய அரசின் அலிம்கோ நிறுவனம் 1976 முதல் இத்தகைய உதவிக் கருவிகளைச் செய்துவருகிறது. இந்த வண்டியும் கையால் சுற்றி ஓட்டுவதே. ஆனால் கனமானது, நிமிர்ந்து உட்காருவது, வேகத்துக்கன்றிப் பிழைப்புக்காக அமைந்தது.

தண்டுவடக் காயத்துக்கான முறையான மறுவாழ்வுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்தவர்.